"போர்டு போய்விட்டது" என்றால் நம்பலாமா?

"போர்டு போய்விட்டது. மாற்ற வேண்டும்." பிரிட்டனில் குளிர்காலத்தில், வீட்டைச் சூடாக்கும் பாய்லர் நின்றுபோன வீடுகளில் இந்தத் தீர்ப்பு அடிக்கடி காதில் விழும். போர்டு என்பது பாய்லரை இயக்கும் மின்னணுச் சுற்று அட்டை. வெளியே உறைபனி. உள்ளே ரேடியேட்டர்கள் சில்லிட்டுக் கிடக்கும். வீட்டில் ஒரு கைக்குழந்தையோ வயதானவரோ போர்வைக்குள் சுருண்டிருப்பார்கள். போர்டும் கூலியும் சேர்த்து சில நூறு பவுண்டு ஆகும் என்பார் இன்ஜினியர். அந்த நேரத்தில் "சரி, மாற்றுங்கள்" என்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் வராது.

லண்டனில் எங்கள் வீட்டில் சில வருடங்களுக்கு முன் இப்படித்தான் நடந்தது. புதுப் போர்டு வந்தது, பாய்லர் ஓடியது, பணத்தைக் கொடுத்தோம். நான்காம் நாள் விடியற்காலையில் திரும்பவும் நின்றுவிட்டது. திரையில் அதே கோளாறு எண். அன்றுதான் இந்த வெள்ளைப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். சொல்லப்பட்ட காரணத்தை எடைபோட பாய்லரைக் கழற்றத் தெரிய வேண்டாம். அது எந்த வரிசையில் வேலை செய்கிறது என்று தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

பிரிட்டிஷ் வீடுகளில் அதிகம் இருப்பது காம்பி பாய்லர். தண்ணீர்த் தொட்டி கிடையாது. ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரையும் குழாயில் வரும் வெந்நீரையும் ஒரே பெட்டி சூடாக்குகிறது. தெர்மோஸ்டாட் "சூடு வேண்டும்" என்று கேட்டதும் ஒரு தொடரோட்டம் தொடங்கும். முதலில் பம்ப் ஓடி, தண்ணீர் சுற்றுகிறதா, அழுத்தம் போதுமா என்று பார்க்கப்படும். அடுத்து ஃபேன் சுழலும். அது உண்மையாகவே சுழல்கிறது என்ற செய்தி போர்டுக்குத் திரும்பி வந்தால்தான் தீப்பொறி தட்டும். பொறியோடு சேர்ந்து காஸ் வால்வு திறக்கும். சில நொடிகளுக்குள் தீ பற்றியதற்கான சான்று கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் வால்வு மூடிக்கொள்ளும். பாய்லர் சில தடவை முயன்று பார்த்துவிட்டு, எண்ணைத் திரையில் காட்டிப் பூட்டிக்கொள்ளும்.

தொடரோட்டத்தில் கோல் எந்தக் கையில் விழுந்தது என்று தெரிந்தால் அதற்கு முன்னால் ஓடியவர்கள் எல்லோரும் நிரபராதிகள். ஃபேன் சத்தம் கேட்டு, டிக் டிக் என்று பொறியும் கேட்டால் பம்ப், ஃபேன், தெர்மோஸ்டாட் மூன்றையும் அநேகமாக விட்டுவிடலாம். இதற்கு ஒரு கருவியும் வேண்டாம், பக்கத்தில் நின்று காது கொடுத்தால் போதும். இன்ஜினியர் வருவதற்கு முன் நாமே இதைக் கேட்டுக் குறித்து வைக்கலாம்.

தீ பற்றியதா என்பதை பாய்லர் எப்படித் தெரிந்துகொள்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தீக்குள் ஒரு மெல்லிய உலோகக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். எரியும் காஸில் மின்னேற்றம் பெற்ற துகள்கள், அதாவது அயனிகள் இருப்பதால் தீ மின்சாரத்தைக் கடத்தும். கம்பிக்கு மாறுதிசை மின்னழுத்தம் கொடுக்கப்படுகிறது. கம்பி சிறியது, எதிரே உள்ள, காஸ் எரியும் பர்னரோ பெரியது. அந்த வித்தியாசத்தால் தீயின் வழியே மின்சாரம் ஒரு திசையில் சுலபமாகவும் மறுதிசையில் சிரமப்பட்டும் போகிறது. மிஞ்சுவது சில மைக்ரோ ஆம்பியர் அளவுள்ள ஒருதிசை மின்னோட்டம். ஈரத்தாலோ பழுதான வயராலோ மின்சாரம் கசிந்தால் அது இரு திசையிலும் ஒரே மாதிரி கசியும், ஒருபக்கமாகச் சாயாது. ஒருபக்கச் சாய்வைத் தருவது தீ மட்டும்தான் என்பதால் இதைப் போலியாக உண்டாக்குவது கஷ்டம்.

இந்தக் கம்பியில் படிவு ஏறிவிட்டால் மின்னோட்டம் குறையும். தீ நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே போர்டு "தீ இல்லை" என்று முடிவு செய்து காஸை மூடிவிடும். அதனால் தீ பற்றி ஓரிரு நொடியில் அணைகிறதா, அல்லது பற்றவே இல்லையா என்பது பெரிய துப்பு. முதலாவது என்றால் முதலில் கம்பியையும் அதன் வயரையும் சந்தேகிக்கலாம். பற்றவே இல்லையென்றால் காஸ், பொறி, காற்று என்று போக வேண்டும்.

இப்போது கோளாறு எண்ணுக்கு வருவோம். வைலன்ட் பாய்லர்களில் எஃப் 28 என்றால் பற்றவைப்பு தோல்வி. உஸ்டர் பாஷின் பல மாடல்களில் ஈஏ என்றால் தீ உணரப்படவில்லை. இரண்டும் நோயின் பெயர்களே அல்ல, காய்ச்சல் என்பதுபோல அறிகுறிகள். எஃப் 28க்குப் பின்னால் மூடிய காஸ் குழாய் இருக்கலாம், பழைய மின்முனை இருக்கலாம், பழுதான காஸ் வால்வு இருக்கலாம். முன்பணம் போடும் காஸ் மீட்டரில் காசு தீர்ந்துபோயிருந்தாலும் அதே எண்தான் வரும். எண்ணைப் பார்த்த கையோடு, எதையும் அளக்காமல் ஒருவர் பாகத்தின் பெயரைச் சொல்கிறார் என்றால் அது அனுபவத்தில் வந்த ஊகம். அந்த ஊகம் சரியாகவும் இருக்கலாம், ஆனால் இன்னும் சோதிக்கப்படவில்லை.

அப்படியானால் ஏன் எப்போதும் போர்டின் தலையே உருள்கிறது? அது எல்லாவற்றோடும் இணைந்திருக்கிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. எந்த அறிகுறிக்கும் அதைக் காரணம் சொல்லிவிடலாம். எல்லா அறிகுறிக்கும் பொருந்தும் காரணம், எந்த அறிகுறியையும் விளக்குவதில்லை. போர்டு உண்மையிலேயே பழுதாகும், அதை மறுக்கவில்லை. சால்டர் விட்டுப்போகும், ரிலே என்னும் மின் சுவிட்ச் ஒட்டிக்கொள்ளும், மேலிருந்து தண்ணீர் சொட்டி எரிந்துபோகும். ஆனால் அதை நிரூபிக்க நேரான வழி இருக்கிறது. உள்ளே வர வேண்டிய செய்திகள் எல்லாம் சரியாக வருகின்றன, ஆனாலும் ஃபேனுக்கோ வால்வுக்கோ போக வேண்டிய மின்சாரம் போர்டிலிருந்து வெளியே வரவில்லை என்று மின் அளவைக் காட்டும் மல்டிமீட்டரில் காட்டிவிட்டால் குற்றம் நிரூபணம். மின்சாரம் வந்தும் ஃபேன் சுழலவில்லையென்றால் போர்டு விடுதலை.

ஆகவே நான் இப்போது கேட்கும் முதல் கேள்வி, "எதை அளந்தீர்கள், என்ன வந்தது?" என்பது. வெப்ப உணரி போய்விட்டது என்கிறாரா? பல பாய்லர்களில் அது 25 டிகிரியில் 10 கிலோ ஓம் தடை காட்டும், சூடேற ஏறத் தடை இறங்கும். மல்டிமீட்டரில் மாட்டி விரல்களுக்கு நடுவே பிடித்தால் எண் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை. காஸ் போதவில்லை என்கிறாரா? காஸ் மீட்டரிலிருந்து வரும் காஸின் அழுத்தம் சுமார் 20 மில்லிபார் இருக்க வேண்டும், அதற்கும் அளவுமானி உண்டு. நல்ல இன்ஜினியர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்படுவதில்லை என்பது என் அனுபவம். பலர் முகம் மலர்ந்து மீட்டரை நம் பக்கம் திருப்பிக் காட்டுவார்கள். மரியாதையாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். குளிரில் வேனிலேயே நாளெல்லாம் அலைந்து, அடுத்த வீட்டிலிருந்து வரும் அழைப்பையும் சமாளித்துக்கொண்டு வேலை செய்பவர் அவர்.

இரண்டாவது கேள்வி: "இது இல்லாமல் வேறொன்றாக இருந்தால் என்ன வித்தியாசம் தெரியும்?" இதன் பலம் அழுத்தம் குறையும் கோளாறில் நன்றாக விளங்கும். பாய்லரின் தண்ணீர் அழுத்தமானி குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு) காட்ட வேண்டும். நீங்கள் தண்ணீரை நிரப்பி நிரப்பிப் பார்க்கிறீர்கள், இரண்டு நாளில் மறுபடி பூஜ்யம். "தரைக்கு அடியில் குழாய் ஒழுகுகிறது, பலகையைப் பெயர்க்க வேண்டும்" என்று ஒருவர் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் இன்னொரு காரணமும் இதே விளைவைத் தரும். தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடானால் கிட்டத்தட்ட 3 சதவீதம் விரியும். வீட்டுக் குழாய்களில் 100 லிட்டர் இருந்தால் கூடுதலாக 3 லிட்டருக்கு இடம் வேண்டும். மூடிய சுற்றில் அந்த இடத்தைத் தருவது விரிவுக் கலம். ஒரு ரப்பர் திரை, அதன் ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். காற்று இறங்கிவிட்டால் விரியும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. அழுத்தம் 3 பாரைத் தொட்டதும் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளிச்சுவர்க் குழாய் வழியே கொட்டிவிடும். ஆறியதும் மானி விழுந்து கிடக்கும்.

இரண்டும் வெளியே ஒரே மாதிரி தெரிந்தாலும் முன்கூட்டிச் சொல்லும் விஷயங்கள் வேறு. குழாய் ஒழுகினால் பாய்லர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அழுத்தம் மெல்ல மெல்லக் குறையும். கலம் கெட்டிருந்தால் சூடாகும்போது முள் 3 வரை எகிறி, ஆறும்போது சரியும். வெளிச்சுவரில் எட்டிப்பார்க்கும் அந்தச் செம்புக் குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டு ராத்திரி ஹீட்டிங்கை ஓடவிடுங்கள். காலையில் பையில் தண்ணீர் இருந்தால், தரையில் கை வைப்பதற்கு முன் கலத்தையும் வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். (ஒருதடவை திறந்த வால்வின் இருக்கையில் அழுக்கு மாட்டி, அது அப்புறம் சொட்டிக்கொண்டே இருப்பதும் சகஜம். அதனால் இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்வது ஏமாற்று அல்ல.) பை காலியாக இருந்தால் பாய்லருக்குக் கீழே உள்ள வால்வுகளை இரவு முழுக்க மூடிவைத்து, மானி இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லலாம். இறங்கினால் ஒழுக்கு பாய்லருக்குள், இறங்காவிட்டால் வீட்டுக் குழாயில்.

ஒரே ஒரு பிளாஸ்டிக் பை, தரையைப் பெயர்க்கும் செலவை மிச்சப்படுத்தக்கூடும்!

இந்தக் கணக்கு எதுவும் பாதுகாப்புக்குப் பொருந்தாது. காஸ் வேலையைச் செய்ய பிரிட்டனில் கேஸ் சேஃப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். 2009 ஏப்ரல் 1ஆம் தேதி பழைய கோர்கி பதிவின் இடத்துக்கு இது வந்தது. வருபவரின் அட்டையில் படம் இருக்கும், பின்பக்கம் அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்றிருக்கும். அவசியம் திருப்பிப் பாருங்கள். அவர் "இது உடனடி ஆபத்து, அணைக்கிறேன்" என்று சொன்னால் வாதாடக் கூடாது. நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை, சந்தேகத்தின் பலனை பாய்லருக்குக் கொடுக்க முடியாது. அணைத்த பிறகு, புகை ஆய்வுக் கருவியின் அச்சுச் சீட்டைக் கேட்கலாம். ஆனால் அந்தப் பதிவு அவர் காஸைப் பாதுகாப்பாகக் கையாளத் தெரிந்தவர் என்பதற்குச் சான்று. பழுதைத் துப்பறிவதில் கெட்டிக்காரர் என்று அது சொல்லவில்லை. இவை இரண்டும் வெவ்வேறு திறமைகள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

சொன்ன காரணத்தை எழுதி வாங்கிக்கொள்வதும் உதவும். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். இல்லையென்றால் திரும்பச் செய்யச் சொல்லலாம், விலைக் குறைப்பும் கேட்கலாம். எழுத்தில் இருந்தால் அந்தப் பேச்சு சுலபம். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

எங்கள் பாய்லருக்குத் திரும்புகிறேன். போர்டை மாற்றியதும் ஓடியதே, அப்படியானால் போர்டுதானே காரணம்? நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் போர்டை மாற்ற மின்சாரத்தை அணைத்துப் போட்டதில் பூட்டும் நீங்கியிருந்தது. அதோடு அன்று மதியம் வெயில் வந்து பனி இளகியிருந்தது. மாறியது ஒன்றல்ல, மூன்று.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் முதல் புதிதாகப் பொருத்தும் காஸ் பாய்லர்கள் அநேகமாக எல்லாமே புகையிலிருந்து நீராவியைக் குளிர்வித்து, அதிலுள்ள வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. ஒரு கன மீட்டர் காஸ் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. புகை சுமார் 55 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதில் ஒரு பங்கு சொட்டுச் சொட்டாகத் திரவமாகி, ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியே வடிகாலுக்குப் போகும். அந்தக் குழாய் வெளிச்சுவரில் ஒல்லியாக ஓடினால் கடும் குளிரில் உள்ளே உறைந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் பாய்லருக்குள்ளேயே தேங்கும், தீ பற்றாது, திரையில் பற்றவைப்புத் தோல்வி எண் வரும். 2010 டிசம்பர் குளிரில் பிரிட்டன் முழுக்க ஏராளமான பாய்லர்கள் இப்படித்தான் நின்றன.

நான்காம் நாள் வந்த இன்னொரு இன்ஜினியர் பெட்டியைத் திறக்கவில்லை. பாய்லரை ஒருதடவை இயக்கி, காதைச் சாய்த்துக் கேட்டார். உள்ளே குளுகுளுவென்று சத்தம். கெட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் வாங்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய் வெளிக்குழாயில் மெதுவாக ஊற்றினார். கொதிநீர் ஊற்றினால் குழாய் வெடித்துவிடும் என்றார். கொஞ்ச நேரத்தில் வடிகாலில் தண்ணீர் சரசரவென்று இறங்கியது. ரீசெட்டை அழுத்தியதும் தீ பற்றியது.

"பழைய போர்டு இருக்கிறதா?" என்று கேட்டார். அலமாரியில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். புதியதைக் கழற்றிவிட்டு அதையே மாட்டினார். ஃபேன் சுழன்றது, பொறி தட்டியது, முதல் முயற்சியிலேயே தீ பிடித்தது.