வெட்டிய பூவுக்கும் தாகம் உண்டு

சென்ற பங்குனியில் எங்கள் தோட்டக் குழு ஒரு பழைய வீட்டின் வளவில், அதாவது நடு முற்றத்தில், இரண்டு நாள் பூக்காட்சி வைத்தது. காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். அமெரிக்காவின் முதல் தோட்டக் குழுவை 1891இல் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து தொடங்கினார்களாம். எங்களுடையதும் ஏறத்தாழ அந்த அளவுதான். பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள், மீதிப் பேர் மாடித் தோட்டக்காரர்கள். ஊருணிக் கரையில் மரக்கன்று நடுவோம், பள்ளிக்கூடத்துக்குச் செம்பருத்திப் பதியன் கொடுப்போம், ஆண்டுக்கு ஒருமுறை பூக்காட்சி வைப்போம்.

முதல் நாள் காலை ஆறு மணிக்கு ஆத்தங்குடிக் கல் தரைமேல் எல்லாம் அழகாக இருந்தது. மூன்று மணிக்கு ரோஜாக்கள் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. மறுநாள் காலையில் ஒருவர் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த ஆர்க்கிட் இதழ்கள் சுருங்கி உதிர ஆரம்பித்தன. முகப்பில் ஆச்சி வெண்கல உருளித் தண்ணீரில் மிதக்கவிட்ட பூக்கள் மட்டும் இரண்டு நாளும் வாடவில்லை. "ராத்திரியே கட்டுப்பிரிச்சு வாளித் தண்ணியில போட்டிருந்தா ரோசாப்பூ தொங்குமா தம்பி?" என்று ஆச்சி கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஏன் நியாயமானது என்று புரிந்துகொள்ளத் தண்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

செடியிலிருந்து வெட்டியதும் பூ செத்துவிடுவதில்லை. அது மூச்சு விடுகிறது, சர்க்கரையைச் செலவழிக்கிறது, தண்ணீரை ஆவியாக விடுகிறது. வேர் மட்டும்தான் போயிருக்கிறது. ஆனால் தண்ணீரை மேலே தள்ளும் பம்பு என்று வேரில் பெரிதாக எதுவும் கிடையாது. இழுப்பது மேலே இருக்கும் இலைதான். இலையிலிருந்து ஆவி போகப் போக, தண்டுக்குள் தலைமுடி அளவிலும் அதைவிட மெலிதாகவும் ஓடும் குழாய்களில் தண்ணீர் கயிறுபோல் இழுபடுகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்வதால் அந்தக் கயிறு அறுவதில்லை. இந்த விளக்கத்தை 1894இல் அயர்லாந்தில் டிக்சன், ஜாலி என்ற இருவர் முன்வைத்தார்கள். நூறு மீட்டருக்கு மேல் வளரும் மரத்தின் உச்சிக்கும் இப்படித்தான் தண்ணீர் போகிறது.

இழுத்துக் கட்டிய கயிற்றை வெட்டினால் சுருக்கென்று பின்வாங்கும் அல்லவா? தண்டை வெட்டும்போதும் அதுதான் நடக்கிறது. நீர்க்கயிறு உள்ளே போய்விடுகிறது, வெட்டு வாயில் காற்று நுழைகிறது. சர்பத் குடிக்கும்போது உறிஞ்சுகுழலைக் கொஞ்சம் வெளியே தூக்கினால் என்ன ஆகும்? காற்றுதான் வரும். ஒசூரில் வெட்டிக் காகிதத்தில் சுருட்டிப் பேருந்தில் வந்த எங்கள் ரோஜாக்களின் குழாய்களில் இரவு முழுக்கக் காற்று அடைத்திருந்தது. அதை அப்படியே குடுவையில் செருகினோம். தண்ணீரில் நின்றபடியே தாகத்தில் வாடின.

இதிலும் ஒரு நல்ல காலம் உண்டு. ஒவ்வொரு குழாயும் தண்டின் முழு நீளத்துக்கு ஓடுவதில்லை. ஓரளவு தூரத்தில் முடிந்து, சல்லடை போன்ற மெல்லிய சவ்வு வழியே பக்கத்துக் குழாயோடு இணைகிறது. தண்ணீர் அந்தச் சவ்வைத் தாண்டும், காற்றுக் குமிழி எளிதில் தாண்டாது. அதனால் தண்டின் அடியில் இரண்டு மூன்று செ.மீ. நீளத்தைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து மறுபடி வெட்டினால், காற்றடைத்த பகுதியில் கணிசமானது போய்விடும். புது வாயில் நேராகத் தண்ணீர் ஏறும். அப்புறம் சில மணி நேரம் நிழலில், கழுத்தளவுத் தண்ணீரில் விட வேண்டும். ஆச்சி சொன்ன வாளி இதுதான். சாய்வாக வெட்டினால் தண்ணீர் அதிகம் ஏறும் என்பதைப் பலர் வேதவாக்காகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. வெட்டு வாய் குடுவையின் அடியில் தட்டையாக ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும், அவ்வளவுதான். கத்தி கூராக இருப்பதுதான் முக்கியம். மழுங்கிய கத்தரிக்கோல் குழாய்களை நசுக்கிவிடும்.

ரோஜா ஏன் கழுத்தில் மட்டும் ஒடிகிறது? பூவுக்குச் சற்றுக் கீழே தண்டு இன்னும் முற்றாமல் இளசாக இருக்கும். செல்களுக்குள் தண்ணீர் விறைப்பாக நிற்பதால்தான் அந்த இடம் நிமிர்ந்து நிற்கிறது. காற்றுப் போன சைக்கிள் டியூப் மாதிரி, தண்ணீர் குறைந்ததும் மடங்கிவிடுகிறது. நாங்கள் செய்த இன்னொரு தவறும் சேர்ந்துகொண்டது. ரோஜாவை வளவின் கிழக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். காலையில் அங்கே நல்ல நிழல். மதியத்துக்கு மேல் வெயில் சரியாக அங்கேதான் விழும்.

இரண்டாவது எதிரி கண்ணுக்குத் தெரியாது. வெட்டு வாயில் கசியும் சாற்றில் சர்க்கரை இருக்கிறது. தண்ணீரில் மூழ்கிய இலை அழுகினால் பாக்டீரியாவுக்கு விருந்துதான். ஒரு நாளில் பெருகி, கோழைபோல் படிந்து, குழாய் வாயை அடைக்கும். காற்றுக் குமிழியைத் தடுத்துக் காப்பாற்றிய அதே சவ்வு இப்போது பாக்டீரியாவையும் பிடித்து வைத்துக்கொண்டு தானே அடைபட்டுப் போகிறது. அதனால்தான் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு இலைகூட இருக்கக் கூடாது, தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும்.

கடையில் விற்கும் பூப்பொடியில் பெரும்பாலும் மூன்று பொருட்கள் இருக்கும்: சர்க்கரை, ஏதாவது ஒரு அமிலம், கிருமிநாசினி. மொட்டு விரிவதற்குச் சர்க்கரை வேண்டும். இதழ்ச் செல்களில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, அது தண்ணீரை உள்ளே இழுக்க, செல்கள் உப்பி இதழ் விரிகிறது. மாலையில் மல்லிகை மொட்டு அவிழ்வது இந்த வேலையால்தான். அமிலம் பாக்டீரியாவின் வேகத்தைக் குறைக்கிறது. வீட்டில் செய்வதானால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையும் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் போதும். வெறும் சர்க்கரை மட்டும் போட்டால் பாக்டீரியாவுக்குப் பாயசம் வைத்த கதைதான். சிலர் பிளீச்சிங் பவுடரும் போடச் சொல்வார்கள். புளிப்போடு அது சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய அறையில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

சரி, ஆச்சியின் உருளிக்கு வருவோம். வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்தது. செம்பு மிகச் சிறிய அளவில் தண்ணீரில் கரைந்து பாக்டீரியாவைக் கொல்லும். பித்தளைக்கும் இந்தக் குணம் உண்டு, உள்ளே ஈயம் பூசிவிட்டால் இருக்காது. ஆனால் உருளியின் வெற்றி முழுக்க உலோகத்தால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. அதில் மிதந்தவை காம்பை ஒட்டக் கிள்ளிய பூக்கள். இலையே இல்லை என்றால் ஆவியாகும் தண்ணீரில் பெரும்பகுதி மிச்சம். தண்டு இல்லாததால் அடைபடக் குழாயும் இல்லை. அகன்ற நீர்ப்பரப்புக்கு மேலே எப்போதும் ஈரக் காற்று. போதாததற்கு ஆச்சி காலையும் மாலையும் தண்ணீரை மாற்றினார்கள்.

ஆர்க்கிட்டுக்கு வந்த கேடு வேறு. அதற்குத் தண்ணீர் குறைவில்லை. அலங்காரத்துக்காக அதன் பக்கத்தில் பழுத்துக்கொண்டிருந்த ஒரு வாழைத்தாரைச் சாய்த்து வைத்திருந்தோம். பழுக்கும் வாழை எத்திலீன் என்ற வாயுவை விடும். செடிகளுக்கு அது பழுக்கவும் மூப்படையவும் சொல்லும் செய்தி. 1901இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நெல்யுபோவ் என்பவர், ஆய்வகத்தில் பட்டாணி நாற்றுகள் கோணலாக வளர்வதைப் பார்த்து, விளக்கெரிக்கும் வாயுவில் இருந்த எத்திலீன்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். செடிகளே அதைச் சுரக்கின்றன என்பது 1934இல்தான் உறுதியானது. நம் ஊரில் வாழைத்தாரை அறையில் அடைத்துப் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைப்பது பழைய வழக்கம். அந்தப் புகையில் இருந்ததும் எத்திலீன்தான், பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது. ஆர்க்கிட், கார்னேஷன் போன்றவை இந்த வாயுவுக்கு மிகவும் பயந்தவை. செவ்வந்தி அதைக் கண்டுகொள்வதே இல்லை. அதே தாருக்கு அந்தப் பக்கம் இருந்த செவ்வந்திக் குவியல் கடைசி வரை கம்பீரமாக இருந்தது.

எல்லாப் பூவுக்கும் ஒரே சட்டம் கிடையாது. செம்பருத்தி ஒரு நாள் பூ. எவ்வளவு தண்ணீர் வைத்தாலும் பொழுது சாய்ந்ததும் சுருண்டுகொள்ளும், ஏனென்றால் தன் செல்களைத் தானே கலைத்துவிடும் கட்டளை அதற்குள் எழுதியிருக்கிறது. வாடாமல்லி நேர்எதிர். நாம் இதழ் என்று நினைப்பது காகிதம்போல் உலர்ந்த பூவடிச் செதில்கள். வாடுவதற்கு அதில் ஈரமே கிடையாது. எருக்கம்பூவின் இதழ் தடித்து மெழுகு பூசியதுபோல் இருப்பதால் பிள்ளையாருக்குப் போட்ட மாலை எளிதில் வதங்காது. அரளியிலும் எருக்கிலும் வேறு தொல்லை: வெட்டியதும் பால் வடிந்து வாயை அடைக்கும். வெட்டு முனையைச் சில நொடி தீயில் காட்டினால் பால் நின்றுவிடும். அரளி நஞ்சு என்பதால் அது நின்ற தண்ணீரைக் குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாமல் கொட்டுங்கள்.

முதல் நாள் அந்தியில் இன்னொரு வேடிக்கை நடந்தது. நடுவில் கோழிக்கொண்டையால் சிவப்பாக ஒரு பெரிய வட்டம் போட்டிருந்தோம். ஆறரை மணிக்கு மின்சாரம் போனது. மங்கிய வெளிச்சத்தில் அந்த வட்டம் கரிக்குழிபோல் கறுத்துவிட்டது. ஓரத்தில் வெறும் இட்டுநிரப்பலாக வைத்த சம்பங்கியும் சங்குப்பூவும் ஒளிர்ந்தன. இன்றைய செக் நாட்டுப் பகுதியைச் சேர்ந்த புர்க்கினியே என்ற உடலியலாளர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்திருக்கிறார். பகலில் நிறம் பார்ப்பவை நம் கண்ணின் கூம்புச் செல்கள். வெளிச்சம் குறைந்தால் கோல் செல்கள் வேலைக்கு வருகின்றன. அவற்றுக்கு நீலப்பச்சை ஒளி நன்றாகத் தெரியும், சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. இரவில் மலரும் மல்லிகையும் சம்பங்கியும் வெள்ளையாக இருப்பது தற்செயல் இல்லை. இருட்டில் தேடி வரும் அந்துப்பூச்சிக்கு வெள்ளையும் வாசமும்தான் வழிகாட்டி. குத்துவிளக்கை ஏற்றியதும் சிவப்பு திரும்பி வந்தது.

பூவைக் குத்தி நிறுத்தும் பச்சை நிறப் பூக்கட்டி பற்றியும் ஒரு வார்த்தை. 1954இல் அமெரிக்காவில் ஸ்மித்தர்ஸ் என்பவர் கொண்டுவந்தது அது. தண்ணீரை நன்றாக உறிஞ்சும், ஆனால் பிளாஸ்டிக். உதிரும் தூள் மண்ணிலும் ஊருணியிலும் கிடக்கும். பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் காட்சிகளில் அதைத் தடை செய்துவிட்டது. நமக்கு அது தேவையே இல்லை. குலை வெட்டிய வாழைமரத்தை ஒரு முழ நீளத்துக்கு அறுத்துப் படுக்க வையுங்கள். அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், உள்ளே அடுக்கடுக்கான அறைகள். ஊசியால் துளையிட்டுக் காம்பைச் செருகினால் ஒரு நாள் முழுக்க நிற்கும். கல்யாணப் பந்தல் போடுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான்.

காட்சி முடிந்ததும் வாடிய பூக்களோடு பக்கத்துக் கோயில் மாலைகளையும் வாங்கி வந்து ஊருணிக் கரையில் குவித்தோம். பூவில் ஈரமும் நைட்ரஜனும் அதிகம். தனியாகப் போட்டால் அழுகி நாறும். காய்ந்த சருகைத் தாராளமாகக் கலந்து, வாரம் ஒருமுறை புரட்டினால் நுண்ணுயிர்கள் வேலை செய்யும் சூட்டில் குவியலின் நடுவே கையை வைக்க முடியாது. ஐம்பது, அறுபது டிகிரி வரை போகும். நான்கு மாதம் கழித்துச் சலித்தபோது ரோஜாவும் ஆர்க்கிட்டும் செவ்வந்தியும் ஒரே கறுப்பு மண்ணாகியிருந்தன. சல்லடையில் தங்கியது மாலை கட்டிய மஞ்சள் பாலியெஸ்டர் நூல் மட்டும், சிக்குச் சிக்காக, சாயம்கூடப் போகாமல். இந்தப் பங்குனிக்கு ஆச்சி இப்போதே வாழைநார் உரித்துக் காயப்போட ஆரம்பித்துவிட்டார்கள்.