கிவியின் நெஞ்சுக்கூடும் நாயின் வாயும்

நியூசிலாந்தின் வடகோடியிலுள்ள நார்த்லாந்து வட்டாரத்தில் நான் கால்நடை மருத்துவராகப் பணிபுரிகிறேன். நாய் கவ்விய கிவிப் பறவைகள் எங்களிடம் அவ்வப்போது கொண்டுவரப்படுகின்றன. அவற்றில் பலவற்றின் உடலில் முதல் பார்வைக்குக் காயம் எதுவும் தென்படாது. மயிர் போன்ற இறகுகளை விலக்கித் தேடினால் ஓரிரு பல்தடங்கள் கிடைக்கும், அவ்வளவுதான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் விலா எலும்புகள் முறிந்து, நெஞ்சறைக்குள் இரத்தம் தேங்கியிருப்பது தெரியவரும். "எங்கள் நாய் கடிக்கவே இல்லை, வாயில் கவ்விக்கொண்டுதான் வந்தது" என்று நாயை வளர்ப்பவர்கள் கூறுவார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால், கிவியைக் கொல்வதற்கு அந்தக் கவ்வலே போதுமானது.

பறக்கும் பறவைகளின் மார்பெலும்பில், படகின் அடிக்கட்டையைப் போல முன்துருத்திய தகடு ஒன்று உண்டு. சிறகுகளை இயக்கும் தடித்த தசைகள் அதன் இருபுறமும் பற்றியிருக்கும். கோழியில் நாம் நெஞ்சுக்கறி என்று வாங்குவது அந்தத் தசையைத்தான். பறக்க இயலாத கிவிக்கு அந்தத் தகடும் இல்லை, சொல்லத்தக்க மார்புத் தசையும் இல்லை. அதனால் வெளியிலிருந்து வரும் அழுத்தம் எதுவும் தடையின்றி இதயத்தையும் நுரையீரலையும் தாக்குகிறது. உடலின் வலிமை முழுவதும் கால்களில்தான் இருக்கிறது. மொத்த எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கால்களுக்கே உரியது.

வௌவால்களைத் தவிர நிலவாழ் பாலூட்டிகளே இல்லாத தீவுகளில் பல இலட்சம் ஆண்டுகள் வாழ்ந்த இப்பறவைக்கு, மோப்பம் பிடித்து வரும் எதிரியைப் பற்றிய அச்சம் வளரவில்லை. பகலில் வளையிலோ அடர்ந்த புதரிலோ உறங்கும் அதன் உடலிலிருந்து எழும் மண்வாடை நாயை வலிய அழைக்கும். 1987இல் நார்த்லாந்தின் வைத்தாங்கி காட்டில் கட்டின்றித் திரிந்த ஒரேயொரு ஜெர்மன் ஷெப்பர்டு நாய், ஆய்வுக்காக ரேடியோக் கருவி பொருத்தப்பட்டிருந்த 23 கிவிகளில் 13 பறவைகளைச் சில வாரங்களில் கொன்றது. அந்தக் காட்டிலிருந்த சுமார் 900 கிவிகளில் 500 வரை இறந்திருக்கக்கூடும் என்று அப்போது கணிக்கப்பட்டது. அந்த நாய் வெறிபிடித்ததன்று. வேட்டைக்குப் பழக்கப்பட்டதும் அன்று என்றே நான் கருதுகிறேன். வாய்ப்புக் கிடைத்த எந்த நாயும் அதையே செய்யும்.

இந்த மென்மையை மக்கள் உணராமலிருப்பதற்கு, நாம் நாள்தோறும் காணும் கிவிச் சித்திரங்களும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 1813இல் ஐரோப்பியர் வெளியிட்ட முதல் படம், பதப்படுத்திய தோல் ஒன்றை மட்டுமே பார்த்து வரையப்பட்டதால், கிவியைப் பென்குயினைப் போல நிமிர்த்தி நிறுத்தியிருந்தது. பின்னாளில் ஓவியர்கள் குனிந்த முதுகையும், நுனியில் மூக்குத் துளைகளைக் கொண்ட நீண்ட அலகையும் சரியாகவே வரைந்தனர். ஆயினும் 1898ஆம் ஆண்டின் ஆறு பென்னி அஞ்சல்தலையிலும், இன்றைய ஒரு டாலர் நாணயத்திலும், நம்மில் பலர் சிறுவயதில் கண்ட ஷூ பாலிஷ் டப்பாவின் மூடியிலும் இருப்பது உருண்டு திரண்ட, எதையும் தாங்கும் உருவமே. பறக்கவே இயலாத இப்பறவையை நியூசிலாந்து விமானப்படை தன் விமானங்களில் தீட்டியிருப்பது தனி வேடிக்கை. 1919இல், ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த நியூசிலாந்து வீரர்கள் இங்கிலாந்தின் புல்ஃபோர்டு அருகே சுண்ணாம்புக் குன்றில் வெட்டிய மாபெரும் கிவி இன்றும் இருக்கிறது. இத்தகைய உருவங்களில் பழகிய கண்ணுக்கு உயிருள்ள கிவியும் பொம்மையாகவே தோன்றுகிறது போலும். 2023இல் அமெரிக்காவின் மயாமி உயிரியல் பூங்காவில், இரவில் நடமாடும் இப்பறவையைப் பளிச்சிடும் விளக்கொளியில் பார்வையாளர்கள் தடவி மகிழ்ந்த காணொளி வெளியாகி, நியூசிலாந்தில் பெரும் எதிர்ப்பு எழுந்ததையடுத்துப் பூங்கா மன்னிப்புக் கேட்டு அந்நிகழ்ச்சியை நிறுத்தியது.

முட்டையிடவிருக்கும் பெண் கிவியின் எக்ஸ்ரேயைப் பார்த்தவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. தாயின் எடையில் 15 முதல் 20 விழுக்காடு வரையிலான முட்டை, வயிற்றறையை ஏறத்தாழ முழுமையாக அடைத்துக்கொண்டிருக்கும். பழுப்புக் கிவி என்ற இனத்தில் ஆண் பறவை இரண்டரை மாதங்களுக்கும் மேலாக அடைகாக்கும். இத்தனை பாடுபட்டுப் பொரிக்கும் குஞ்சுகளில், பாதுகாப்பற்ற காடுகளில் நூற்றுக்கு ஐந்தே வளர்ந்த பறவைகளாகின்றன. முயல்களைக் கட்டுப்படுத்த 1880களில் கொண்டுவரப்பட்ட ஸ்டோட் என்ற சிறு ஊனுண்ணி மற்றவற்றில் பெரும்பாலானவற்றைத் தின்றுவிடுகிறது. ஸ்டோட்டுக்குப் பொறி வைத்துக் குஞ்சுகளைக் காக்க முடியும். பல ஊர்களில் தன்னார்வலர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் நாய் கொல்வது இனப்பெருக்கம் செய்யும் முதிர்ந்த பறவையை. பிற இடங்களில் முப்பது, நாற்பது ஆண்டுகள் வாழக்கூடிய கிவியின் சராசரி ஆயுள் நார்த்லாந்தில் 13, 14 ஆண்டுகளாகக் குறைந்திருப்பதற்கு நாய்களே முதன்மைக் காரணம்.

எனவே, கிவி வாழும் பகுதியில் குடியிருப்பவர்களும் விடுமுறைக்கு நாயுடன் வருபவர்களும் இரவில் நாயைக் கட்டியோ வீட்டுக்குள்ளோ வைக்க வேண்டும்; பகலிலும் கயிறின்றி நடத்திச் செல்லக்கூடாது. கிவியைத் தவிர்க்க நாய்களுக்கு அளிக்கப்படும் பயிற்சி பயனுள்ளது. ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். பயிற்சி பெற்ற நாயும் கொல்லக்கூடும் என்பதால் கயிறுக்கு அது மாற்றாகாது. நாய் கிவியைக் கொன்றால் அதன் உரிமையாளருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையோ 20,000 டாலர் வரை அபராதமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

காயமுற்ற கிவியைக் கண்டால், கால்களை உறுதியாகப் பற்றித் தூக்கி, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து, இருளான அமைதியான இடத்தில் விட்டு, இயற்கைப் பாதுகாப்புத் துறையின் 0800 362 468 என்ற எண்ணை உடனே அழையுங்கள். தீனியோ தண்ணீரோ புகட்ட வேண்டா. நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் காட்டில் திரும்ப விட்டுவிட வேண்டா.

இறந்த பறவையை அச்சத்தால் புதைத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். அதனால் இறப்புக்கான காரணம் பதிவாகாமல் போகிறது. அந்தப் பகுதியில் திரியும் நாயைத் தேடவும் இயலாது. மேலும், நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மவோரி மக்களுக்குக் கிவி ஒரு தாவோங்கா, அதாவது போற்றிக் காக்க வேண்டிய செல்வம். கிவி இறகுகளை ஹரகெகே என்ற உள்நாட்டுச் செடியின் நாரில் கோத்து அவர்கள் நெய்யும் காஹு கிவி என்ற மேலாடை உயர்ந்த மதிப்புடையது. இறகின் அடிப்புறம் வெளியே தெரியுமாறு கோப்பதால் அது பஞ்சுபோல் பூரித்து நிற்கும். இக்காலத்தில் அந்த நெசவுக்கான இறகுகள், இறந்து ஒப்படைக்கப்படும் பறவைகளிலிருந்தே அந்தந்தப் பகுதியின் குலத்தாரிடம் போய்ச் சேருகின்றன. ஆகவே இறந்த கிவியையும் துறையிடம் ஒப்படையுங்கள். கண்ட இடத்தையும் நாளையும் குறித்துக் கொடுங்கள்.