படம் குதிக்கிறதா? முதலில் அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்கள்

போன வாரம் ஒரு தம்பி கடைக்கு வந்து துணிப்பையை மேசையில் கவிழ்த்தார். ஒரு சூப்பர் 8 கேமரா (8 மில்லிமீட்டர் பிலிமில் சினிமா எடுக்கும் சின்னக் கேமரா), தனியே அதன் பக்க மூடி, மாத்திரை டப்பாவில் ஸ்க்ரூக்கள். "படம் மேலும் கீழுமா குதிக்குதுண்ணா. மோட்டார் போச்சு போலன்னு பிரிச்சேன். இல்லன்னா நான் கழுவினதுல ஏதோ தப்பு." ரோலை வீட்டிலேயே டெவலப் செய்து, வெளியே கொடுத்து ஸ்கேன் எடுத்திருக்கிறார். நான் பார்த்தவரை மோட்டாரும் டெவலப்பரும் நிரபராதிகள். இந்த வருடம் இப்படிப் பிரித்த நிலையில் வந்த நான்காவது கேமரா இது. அதனால்தான் எழுதுகிறேன்.

கழுவுவதால் படம் குதிக்காது. இதைப் பத்து பேரிடம் சொல்லிவிட்டேன், பதினோராவது ஆளும் அதையே கேட்கிறார். சரி, நிதானமாகப் பார்ப்போம். பிலிமில் படமும் ஓரத்துத் துளையும் ஒரே பட்டையில்தான் இருக்கின்றன. ரசாயனத்தில் பட்டை ஊறினால் இரண்டும் சேர்ந்து ஊறும், காய்ந்தால் சேர்ந்து சுருங்கும். ஐம்பது அடி ரோலில் 3600 ஃபிரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள். அதில் ஒற்றைப்படை ஃபிரேமை மேலேயும் இரட்டைப்படை ஃபிரேமைக் கீழேயும் தள்ளிவைக்கும் டெவலப்பரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரே ஒரு விலக்கு உண்டு. டெவலப் டேங்குக்குள் பிலிமைச் சுற்றிவைக்கும் ஸ்பைரல் ஈரமாக இருக்கும்போது பிலிமை முரட்டுத்தனமாகத் தள்ளித் துளையைக் கிழித்திருந்தால் அந்த இடத்தில் ஒரு குதி குதிக்கும், அவ்வளவுதான். ரோல் முழுக்கக் குதிக்காது.

அப்படியானால் யார் குற்றவாளி? ஸ்கேன் செய்பவரிடம் துளையும் ஃபிரேம் கோடும் தெரியும்படி அகலமாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஓடவிட்டுப் பாருங்கள். துளையும் படமும் சேர்ந்தே ஆடினால் ஸ்கேனரில் கோளாறு. துளை அசையாமல் நிற்க, படம் மட்டும் ஆடினால் கேமரா அல்லது கார்ட்ரிட்ஜ் (ரோல் அடைத்து வரும் பிளாஸ்டிக் டப்பா). இரண்டு நிமிட வேலை இது. அந்தத் தம்பியின் ஸ்கேனில் துளையும் சேர்ந்தே ஆடிக்கொண்டிருந்தது. (சோதனைப் படத்தை ட்ரைபாடில் வைத்து எடுங்கள். கையில் பிடித்து எடுத்துவிட்டு "ஆடுது சார்" என்று வருபவர்களுக்கு நான் காபி மட்டும் கொடுத்து அனுப்புகிறேன்.)

சூப்பர் 8 ஃபிரேமின் அகலம் 6 மில்லிமீட்டர்கூட இல்லை. ஐந்தடித் திரையில் போட்டால் சுமார் 260 மடங்கு பெரிதாகும். லென்ஸுக்குப் பின்னால் பிலிம் நின்று வெளிச்சம் வாங்கும் ஜன்னலுக்கு 'கேட்' என்று பெயர். அந்தக் கேட்டில் பிலிம் 0.02 மில்லிமீட்டர் நகர்ந்தால் திரையில் 5 மில்லிமீட்டர் நகரும். கொஞ்சம் நடுக்கம் இந்த வடிவத்தின் பிறவிக்குணம். 1965-இல் கோடாக் இதைக் கொண்டுவந்தபோது பிலிமைச் சமமாக அழுத்தும் தகட்டைக் கேமராவில் வைக்காமல் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே பிளாஸ்டிக்கில் வைத்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் ரோல் போடலாம் என்கிற வசதிக்குக் கொடுத்த விலை அது. அதனால் ஒரே கேமராவில் ஒரு ரோல் நன்றாக நிற்கும், அடுத்தது ஆடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கார்ட்ரிட்ஜை இரண்டு மணி நேரமாவது வெளியே வையுங்கள். போடுவதற்கு முன் உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டி, நடுச் சக்கரத்தை அது சுழலும் திசையில் மட்டும் லேசாகத் திருப்புங்கள். கேட்டில் ஒட்டியிருக்கும் அழுக்கைப் பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். எண்ணெய் மட்டும் விடாதீர்கள், காலில் விழுகிறேன்.

மோட்டார் பலவீனமானால் படம் குதிக்காது, வேகம்தான் குறையும். ஒவ்வொரு ஃபிரேமும் அதிக நேரம் வெளிச்சம் வாங்கி வெளிறும், ஓட்டிப் பார்க்கும்போது ஆட்கள் விறுவிறுவென்று நடப்பார்கள். அப்படித் தெரிந்தால் புதுப் பேட்டரி போடுங்கள், முனையில் பச்சை பூத்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடையுங்கள். விளக்குகள் செங்குத்தாகக் கோடு இழுத்திருந்தால் மட்டும் கேமராவை என்னிடம் கொண்டுவாருங்கள். ஷட்டர் திறந்திருக்கும்போதே பிலிம் நகர்கிறது என்று அர்த்தம்.

டெவலப் செய்வதில் நிஜமாகவே கெடுவது வேறு. படம் மினுக்கினால், அதாவது வெளிச்சம் கூடிக் குறைந்தால், டேங்கைச் சீராக ஆட்டவில்லை. பால்போல் திட்டுகள் இருந்தால் ஸ்பைரலில் இரண்டு சுற்று ஒட்டிக்கொண்டு மருந்து படவில்லை. சென்னையில் இன்னொரு தொல்லை தண்ணீர். கறுப்பு வெள்ளை ரோலுக்கு 20 டிகிரி என்று புத்தகத்தில் இருக்கும், மே மாதம் மொட்டைமாடி டேங்கிலிருந்து வருவதோ கிட்டத்தட்ட வெந்நீர். டெவலப்பரை ஐஸில் வைத்துக் குளிர்வித்துவிட்டு, அலசுவதற்குக் குழாயைத் திறந்துவிடுவார்கள். ஜெலட்டின் இளகி உரியும். அலசும் தண்ணீரையும் குளிர வையுங்கள். கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர் போதாது, டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். போர் தண்ணீரில் அலசினால் ஒவ்வொரு ஃபிரேமிலும் உப்புக்கறை.

ரிவர்சல் செய்பவர்களிடம், அதாவது நெகட்டிவாக இல்லாமல் நேராகத் திரையில் ஓட்டும் படமாகவே கழுவுபவர்களிடம், ஒரு வார்த்தை. வெள்ளியைக் கரைக்கும் ப்ளீச்சுக்கு சல்ஃப்யூரிக் ஆசிட் வேண்டும் என்று பேட்டரிக் கடையில் வாங்கிவந்து சமையலறை மேடையில் கலக்கிறீர்கள். தண்ணீரில்தான் ஆசிட்டை விட வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை விடக் கூடாது. கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல். சிலர் ப்ளீச்சில் சேர்க்கும் டைக்ரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் பொருள், அதை சிங்க்கில் கொட்டாதீர்கள். அதற்குப் பதில் பெர்மாங்கனேட் போதும். ப்ளீச்சுக்கும் அடுத்து ப்ளீச் கறையை நீக்கப் போடும் மெட்டாபைசல்ஃபைட்டுக்கும் நடுவே நன்றாக அலசுங்கள், இல்லாவிட்டால் எழும் புகையில் மூச்சு முட்டும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் மாடிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், தாத்தா பெட்டியில் கழுவாத கோடாக்ரோம் (கோடாக்கின் பழைய கலர் பிலிம்) ரோல் கிடைத்தால் தயவுசெய்து தொடாதீர்கள். அதற்கான கே-14 முறையில் கழுவிய கடைசி லேப் அமெரிக்காவின் கன்சாஸில் இருந்தது. 2010 டிசம்பர் 30-ஓடு ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். மற்ற கலர் பிலிம்களில் சாயப் பொருள் பிலிமிலேயே இருக்கும், கோடாக்ரோமுக்கு அது டெவலப்பரில்தான் வரும். அதை மற்ற கலர் ஸ்லைடு பிலிம்களுக்கான இ-6 மருந்தில் போட்டால் சாயமும் உருவாகாது, ப்ளீச்சும் ஃபிக்ஸரும் வெள்ளியையும் கரைத்துவிடும். கையில் மிஞ்சுவது கண்ணாடிபோல் வெறும் பட்டை. போன தீபாவளிக்கு ஒரு குடும்பத்தின் கல்யாண ரோல் அப்படித்தான் என்னிடம் வந்தது. கறுப்பு வெள்ளை நெகட்டிவாகக் கழுவினால் ஏதாவது உருவம் மிஞ்ச வாய்ப்பு உண்டு. பின்னால் உள்ள கறுப்புப் பூச்சை எடுப்பது வேறு தலைவலி, பழகியவர் கையில் கொடுங்கள்.

தம்பியின் கேமராவைப் பூட்டி ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே ஓடுகிறது. அடிமூடியில் ஒரு ஸ்க்ரூ மட்டும் குறைகிறது. தம்பி, இதைப் படித்தால் கட்டிலுக்கு அடியில் தேடிப் பாருங்கள்.