ஹோமிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரியாது. ஒரு மின்துடிப்பு வந்தால் ஓர் அடி நகரும். பரவலாகப் புழங்கும் வகையில் ஓர் அடி 1.8 பாகை, 200 அடிக்கு ஒரு சுற்று. எத்தனை அடி போனது என்ற கணக்கை அதை ஓட்டும் மாட்யூல்தான் (கட்டுப்பாட்டுப் பகுதி) வைத்திருக்கிறது. மோட்டாரில் என்கோடர் (எங்கே நிற்கிறது என்று அளந்து சொல்லும் உணரி) இல்லாவிட்டால், மின்சாரம் போய் வந்ததும் அந்தக் கணக்கை நம்ப முடியாது.

கணக்கைப் புதிதாகத் தொடங்க ஓட்டும் ஓட்டம்தான் ஹோமிங். அச்சு, அதாவது மோட்டார் நகர்த்தும் பகுதி, ஒரு பக்கமாகப் போய்க் குறிப்புச் சுவிட்சைத் தொடும். வேகமாகப் போய்த் தொட்டால் நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் சற்று மாறும். அதனால் பின்வாங்கி, மெதுவாக மறுபடி வந்து, சுவிட்ச் மாறும் இடத்தைச் சரியாகப் பிடிக்கும்.

சீமென்ஸின் எஸ்7-300 என்ற தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினி வரிசையில், ஸ்டெப்பர் மோட்டாரை ஓட்டும் எஃப்எம் 353 மாட்யூலில் இது தனி இயக்க முறை. ஜாகிங்கில், அதாவது பொத்தானை அழுத்தி அச்சை நகர்த்தும் முறையில், இது தேவையில்லை. எம்டிஐ (ஒவ்வொரு நகர்வையும் நேரடியாகக் கட்டளையிடும் முறை), தானியங்கி முறைகளுக்கு அச்சு முதலில் ஒத்திசைந்திருக்க வேண்டும், அதாவது அதன் இடக் கணக்கு உண்மை இடத்தோடு பொருந்தியிருக்க வேண்டும். நிரலிலும் ஒத்திசைவு பிட்டைப் பார்த்த பிறகே தானியங்கிக்குப் போக வேண்டும். இந்த வரியை விட்டுவிடவே கூடாது. 3டி பிரின்டரில் இதே வேலையை ஜி28 கட்டளை செய்கிறது.

சொல்லின் வேர் 'ஹோம்', அதாவது வீடு. எங்கே விட்டாலும் கூடு திரும்பும் புறாவை ஆங்கிலத்தில் 'ஹோமிங்' புறா என்பார்கள். ஜெர்மானியர்கள் வீட்டை விட்டுவிட்டு 'ரெஃபரென்ஸ்புங்க்ட்ஃபார்ட்' என்கிறார்கள்: குறிப்புப்புள்ளிக்கு ஓட்டம்.

தமிழில் 'வீடு திரும்பல்' என்றால் யாருக்கும் புரியாது. பள்ளிக் கணக்கின் 'ஆதிப்புள்ளி' அழகான சொல்தான், ஆனால் அது பூச்சியத்தைக் குறிக்கும். சுவிட்ச் இருக்கும் இடம் பூச்சியமாக இருக்க வேண்டியதில்லை; அதற்கு 50 மி.மீ. என்றும் மதிப்புக் கொடுக்கலாம். இயற்பியல் பாடத்தில் ஏற்கெனவே 'குறிப்பாயம்' (ஃப்ரேம் ஆஃப் ரெஃபரென்ஸ்) உண்டு. அதே வழியில் 'குறிப்புப்புள்ளி சேர்தல்' என்பதே பொருந்தும் என்பேன். 'அடைதல்' என்றாலும் தவறில்லை. ஆனால் 'அச்சு சேர்ந்தது', 'இன்னும் சேரவில்லை' என்று திரையில் சுருக்கமாகக் காட்ட 'சேர்தல்' வசதி.