சிவப்பு பானை, பச்சை பீங்கான், ரெண்டுலயும் ஒரே இரும்பு

கங்கைகொண்ட சோழபுரத்துல மாளிகைமேட்ட தோண்டுனப்போ சீனத்து பீங்கான் துண்டெல்லாம் கிடைச்சுச்சு, அதுல வெளிர்பச்சையா இருக்கே அதுக்கு பேரு செலடான். பூம்புகார் பக்கம் கிடைக்கிற பழைய ஓடு வேற ரகம், உள்ள கருப்பு, வெளிய சிவப்பு. சிவப்புக்கும் இரும்புதான் காரணம், அந்த பச்சைக்கும் இரும்புதான்.

நம்ம காவிரி வண்டல்ல இரும்பு தாராளமா கலந்திருக்கு. வேளார் வீட்டு சூளையில பானைய அடுக்கி, வைக்கோல் பரப்பி, மேல சேறு பூசி தீ வைப்பாங்க. கடைசியில காத்து நல்லா உள்ள போச்சுன்னா இரும்போட ஆக்சிஜன் சேர்ந்து பானை செவந்துடும், அய்யனார் கோயில் மண்குதிரை செவப்பும் இதேதான். காத்த அடைச்சுட்டா விறகு முழுசா எரியாம கார்பன் மோனாக்சைடு வரும், அது பசியெடுத்த புள்ள மாதிரி மண்ணுல இருக்கற ஆக்சிஜன பிடுங்கிக்கும், கூடவே கரியும் ஏறும், பானை கருத்துடும். பானைய கவுத்து வெச்சு சுட்டா உள்பக்கம் காத்து இல்லாம கருப்பாவும் வெளிப்பக்கம் செவப்பாவும் வரும்னுதான் அந்த ரெண்டு நிற பானைக்கு பொதுவா விளக்கம் சொல்றாங்க.

சீனாக்காரங்க, முக்கியமா லாங்சுவான் சூளைக்காரங்க, இதே வேலைய மேல பூசுற கிளேஸ்ல பண்ணாங்க. அந்த கிளேஸ்ல 1-லிருந்து 3 சதவீதம் இரும்பு ஆக்சைடு இருந்தா போதும், கிட்டத்தட்ட 1,250 டிகிரி செல்சியஸ்ல காத்த குறைச்சு சுட்டா கண்ணாடியா உருகி பச்சை வந்துடும். காத்து கூடுதலா போயிடுச்சா, மஞ்சளோ பழுப்போதான், அம்புட்டு உழைப்பும் போச்சு. நீலப்பூ போட்ட வெள்ளை பீங்கானுக்கு இந்த தலைவலி ரொம்ப இல்ல, அதுல நிறம் தர்றது கோபால்ட்ங்கற வேற உலோகம், காத்து இருந்தாலும் இல்லாட்டியும் நீலமாவே நிக்கும்.

ஆனா எனக்கு கேட்டா பெரிய கில்லாடிங்க பழைய ஏதென்ஸ் குயவங்கதான். கருப்பு உருவம் வரைஞ்ச ஜாடி பாத்திருப்பீங்க, அதுல கருப்புக்குன்னு தனி சாயமே கிடையாது. ஜாடி செய்யுற மாதிரியான களிமண்ணோட ரொம்ப சன்னமான பகுதிய தண்ணியில பிரிச்செடுத்து அதாலயே வரைவாங்க, ஒரே தடவை சுடுறதுலயே மூணு கட்டம்: மொதல்ல காத்து விட்டு, அப்புறம் அடைச்சு, திரும்ப விட்டு. அடைச்சப்போ மொத்தமும் கருத்துடும், அந்த சன்ன மண்ணு மட்டும் உருகி கண்ணாடி மாதிரி மூடிக்கும், அதனால திரும்ப காத்து வந்தாலும் உள்ள ஆக்சிஜன் நுழைய முடியாது. மிச்ச இடம் திரும்ப செவந்துடும். ரெண்டாயிரத்து ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி தெர்மாமீட்டர் கூட இல்லாம இத பண்ணியிருக்காங்க!

உங்க ஊர் திடல்ல பழைய ஓடு கண்ணுல பட்டா (எடுத்துட்டு வராதீங்க, பாருங்க போதும்) உடைஞ்ச விளிம்ப கவனிங்க, ரெண்டு பக்கமும் செவப்பு நடுவுல கருப்பு கோடுன்னா, மண்ணுல இருந்த கரிய முழுசா எரிச்சு முடிக்கறதுக்குள்ள சூளை அணைஞ்சிருக்கு.