ரேடியேற்றர் ஃபேனுக்கு டிரெக்ட் வயர் கொடுக்க முன்னம்

போன கிழமை கிண்ணியாவில் இருந்து ஒரு நானா தன்ர பழைய ஜப்பான் காரைக் கொண்டுவந்தார். "தம்பி, ஓடேக்க ஒரு பிரச்சினையும் இல்ல, டவுன் சந்தைப் பக்கம் வந்து நின்றா சூடு காட்டுற முள் ஏறுது" என்றார். பாதி வேலை அந்தச் சொல்லிலேயே முடிந்துவிட்டது. ஓடும்போது காற்று தானாகவே ரேடியேற்றருக்குள் அடிக்கும், நின்றால் ஃபேன்தான் அடிக்க வேண்டும், இவருடைய ஃபேன் சுற்றவே இல்லை. ஆனால் எங்கோ தெர்மோஸ்டாட்டை (சூட்டைப் பார்த்துத் தண்ணீருக்கு வழிவிடும் வால்வு) கழற்றி எறிந்திருக்கிறார்கள், ரேடியேற்றரையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

ரேடியேற்றரின் கீழ்த் தொட்டியிலோ தெர்மோஸ்டாட் வீட்டுக்குப் பக்கத்திலோ திருகியிருக்கும் விரல் அளவு வெப்பச் சுவிச்தான் ஃபேனுக்குக் கட்டளை கொடுப்பது. இதில் இரண்டு வகை உண்டு, அதைத் தெரியாமல் சோதித்தால் நல்ல சாமானையே தூக்கி வீசுவீர்கள். பல கார்களில் சூடானதும் சுவிச் இணையும். சாவியைப் போட்டு, சொக்கற்றைக் கழற்றி, அதன் இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் சேர்த்தால் ஃபேன் சுற்ற வேண்டும். 90களின் கொரோலா போன்றவற்றில் நேர்மாறு, சூடானதும் சுவிச் பிரியும். சொக்கற்றைக் கழற்றினாலே ஃபேன் ஓட வேண்டும். ஓடாவிட்டால் சுவிச்சை விட்டுவிட்டு ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று பாருங்கள்.

நானாவின் கார் இரண்டாவது வகை. சொக்கற்றை இழுத்ததும் ஃபேன் சீறிக்கொண்டு சுற்றியது. முனைகளில் பச்சையாகக் களிம்பு, கடல்காற்று செய்யும் வேலை. சுரண்டிப் போட்டும் பலனில்லை. எஞ்சின் ஆறினதும் சுவிச்சைக் கழற்றிக் கம்பியில் கட்டி, தண்ணீர்ச் சட்டிக்குள் இறக்கி, மீற்றரைப் பிடித்துக்கொண்டு அடுப்பை மூட்டினேன். 93 பாகையை ஒட்டிப் பிரிய வேண்டியது, இணைந்திருக்கும்வரை மீற்றர் கத்தும், தண்ணீர் தளதளவென்று கொதித்தும் அது கத்திக்கொண்டே இருந்தது. உள்ளே ஒட்டிப்போய்விட்டது.

மாற்றுவது அரைமணி நேர வேலை, ஆனால் எஞ்சின் நன்றாக ஆற வேண்டும். திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீர் 40 பாகையை ஒட்டியது, அதில் குளிக்கலாம். ரேடியேற்றருக்குள் இருப்பது அழுத்தத்தில் அடைபட்ட 90க்கு மேற்பட்ட சூடு, மூடியைத் திறந்தால் முகத்துக்குத்தான் வரும். தயவுசெய்து பொறுங்கள். பட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், சில கார்களில் சாவி இல்லாமலும் ஃபேன் சுற்றும். கீழே வாளியை வைத்து, புதுசைக் கையில் வைத்துக்கொண்டே பழசைக் கழற்றினால் கொஞ்சத் தண்ணீர்தான் போகும். வாசரைப் புதிதாகப் போடுங்கள். ஒற்றை வயர் சுவிச்சென்றால் அதன் உடம்புதான் எர்த், மரையில் டேப்பைச் சுற்றிச் சுற்றிக் கட்டினால் எர்த் போய்விடும். பிளாஸ்டிக் தொட்டியென்றால் இறுக்கும்போது கை நிதானமாக இருக்கட்டும், வெடித்தால் ரேடியேற்றரே போச்சு.

மரை சரியாக இருந்தால் போதும் என்று எதையாவது வாங்காதீர்கள். பல சுவிச்சுகளில் 92-87 என்பதுபோல எண் அடித்திருக்கும்: 92இல் ஃபேன் வரும், 87இல் நிற்கும். பழசில் உள்ள எண்ணே புதுசிலும் வேண்டும், வகையும் அதேதான். அப்புறம் கூலண்ட் விடுங்கள், கரையோரக் கிணற்று உப்புத் தண்ணீர் வேண்டாம். மூடியைத் திறந்தபடி ஸ்டார்ட் பண்ணி, காற்றுக் குமிழி அடங்கியதும் மூடி, ஃபேன் இரண்டு தரம் வந்து நிற்கும்வரை காரின் பக்கத்திலேயே நில்லுங்கள். அடுத்த நாள் காலையில் மட்டம் பாருங்கள்.

இவ்வளவு எதற்கு, வெப்பச் சுவிச்சை விட்டுவிட்டு, டாஷ்போர்டில் கையால் போடும் ஒரு சுவிச் வைத்து ஃபேனுக்கு டிரெக்ட் வயர் கொடுங்கள் என்று கேட்பவர்கள் நிறையப் பேர். 2020இல் வாகன இறக்குமதி நின்ற காலத்தில் சாமான் கிடைக்காமல் நானும் கொடுத்திருக்கிறேன், இப்போது கொடுப்பதில்லை. அப்படிக் கொடுத்த ஒரு காரின் சொந்தக்காரர் ஒருநாளும் அந்தச் சுவிச்சைப் போட மறந்ததில்லை. ஒரு பின்னேரம் மகன் காரை எடுத்துக்கொண்டு நிலாவெளிக்குப் போயிருக்கிறான், அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கஸ்கட் எரிந்து, ஹெட் வளைந்து, லேத்துக்குப் போய், கார் என் கராஜில் பதினொரு நாள் நின்றது.