பேண்டு, பாண்டு, பல்லியம்

ஆடி பிறக்க இருபது நாள் இருக்கும்போது, சேலம் குகைப் பக்கத்து பேண்டு மாஸ்டர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சாமான் போட்டு வைத்திருக்கும் அறைக்குப் புதுப் பலகை எழுத வேண்டுமாம். "பலகையில தமிழ் இருக்கோணும்ங்கறாங்க சார். எங்களுக்குத் தெரிஞ்ச தமிழு 'பேண்டு செட்டு'தான். அதுக்கு நல்ல தமிழா ஒண்ணு சொல்லுங்க" என்றார். காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆயிற்று.

எழுத்துக்கூட்டலிலேயே முதல் சிக்கல். ஆங்கில மூலச் சொல்லில் இருக்கும் உயிரொலி நம்மிடம் இல்லை. அது ஆகாரத்துக்கும் ஏகாரத்துக்கும் நடுவில் எங்கோ கிடக்கிறது. ஒரு தலைமுறை அதை ஆகாரத்தில் சேர்த்தது, அடுத்த தலைமுறை ஏகாரத்தில் சேர்த்தது. தாத்தா பாங்கியில் பணம் போட்டார், பேரன் பேங்கில் போடுகிறான். அதே கதைதான் இதற்கும். பழைய அச்சில் 'பாண்டு வாத்தியம்' என்று இருக்கும். ஈழத்துப் பள்ளிகளில் இன்றும் 'பாண்ட் வாத்தியம்'தான். என் ஓட்டு பாண்டுக்கே. ஏனென்றால் 'பேண்டு' என்று உகரத்தோடு எழுதினால், அது ஏற்கெனவே தமிழில் இருக்கிற ஒரு வினையெச்சம். 'பேள்' என்ற வினையை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள், இங்கே விளக்க முடியாது. சரி, உகரத்தை எடுத்துப் புள்ளி வைத்து 'பேண்ட்' என்றால் அது கால்சட்டை. 'பேண்ட் மாஸ்டர்' என்று பலகை வைத்தால் அளவெடுக்கச் சொல்லி ஆள் வந்து நிற்கும். ஆனாலும் தெரு 'பேண்டு' என்றே சொல்கிறது. இந்தக் கட்டுரையில் நானும் தெருவோடு போகிறேன்.

ஆங்கிலத்தில் இது ஒரு சொல் அல்ல. ஒரே சட்டை போட்ட இரண்டு சொற்கள். ஒன்று கட்டு, பட்டை என்ற பொருளுடையது. ரப்பர் பேண்டு, காயத்துக்குப் போடும் பேண்டேஜ் எல்லாம் அந்தக் குடும்பம். அதன் வேரும் வடமொழி 'பந்த'மும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். நாம் பேசும் சொந்தபந்தமும், போலீசார் போடும் பந்தோபஸ்தும், கடையடைப்பு நாளில் கேட்கும் 'பந்த்'தும் ரப்பர் பேண்டுக்கு ஒன்றுவிட்ட உறவுகள். மற்றொன்று கூட்டம், படைக்கூட்டம் என்ற பொருளுடையது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கொடி, அடையாளம் என்ற பொருள் கொண்ட பழைய ஜெர்மானியச் சொல்லை அதற்கு மூலமாகச் சொல்வார்கள். ஒரு கொடியின் பின்னால் திரண்டவர்கள் என்பது கருத்து. 17ஆம் நூற்றாண்டில்தான் அது வாத்தியக்காரர் கூட்டத்தைக் குறிக்கத் தொடங்கியது. பட்டாளத்தோடு நடந்து வாசித்தவர்கள் பட்டாளத்தின் பெயரையே வாங்கிக்கொண்டார்கள். இன்றைக்கும் பேண்டுக்காரர் தோளில் குஞ்சமும் தலையில் தொப்பியும் வைத்திருப்பது அந்தப் பட்டாளத்து மிச்சம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. மலைபடுகடாம் தொடக்கத்தில் கூத்தர்கள் கட்டிச் சுமக்கும் வாத்தியங்களின் வரிசை ஒன்று வருகிறது. முழவு, ஆகுளி, அதற்கடுத்து 'நுண்ணுருக்குற்ற விளங்கடர்ப் பாண்டில்'. பாண்டில் என்றால் உருக்கி வார்த்த வட்டமான கஞ்சத்தாளம். பாண்டில், பாண்டு! ஆகவே ஆங்கிலேயன் நம்மிடமிருந்துதான் எடுத்தான் என்று யாராவது மேடையில் சொன்னால் கைதட்ட வேண்டாம். வட்டத்தைக் குறிக்கும் பாண்டிலுக்கும் கூட்டத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒலி ஒத்துப்போனது தற்செயல். எனக்கும் ஒரு ராத்திரி முழுக்க ஆசையாகத்தான் இருந்தது.

அடுத்தது, அந்தப் 'பித்தளை'. ஆங்கிலத்தில் இந்த வகைக் குழுவுக்குப் பித்தளையின் பெயரைச் சேர்த்து 'பிராஸ் பேண்டு' என்பார்கள். அதை அப்படியே பெயர்த்து 'பித்தளை இசைக்குழு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. இன்னும் சிலர் 'வெண்கல இசைக்குழு' என்பார்கள். அது சுத்தமாகத் தப்பு. செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். பாத்திரக்கடைக்காரரிடம் கேட்டாலே சொல்லிவிடுவார். ஆனால் பித்தளை என்பதும் பொருந்தவில்லை. சாக்ஸபோன் முழுக்கப் பித்தளைதான். ஆனாலும் இசைக்காரர்கள் அதைப் பித்தளைக் குடும்பத்தில் சேர்ப்பதில்லை. அடால்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை பெற்ற அந்தக் கருவியில் ஒலியை எழுப்புவது வாயில் வைக்கும் நாணல் தகடு. நம் நாயனத்துக்குச் சீவாளி எப்படியோ அப்படி. க்ளாரினெட்டும் அதே சாதி. ட்ரம்பெட், ட்ரோம்போன், யூஃபோனியம் ஆகியவற்றில் தகடு கிடையாது. ஊதுகிறவனின் உதடுதான் சீவாளி. உதடு அதிர்ந்து குழாய்க்குள் காற்று முழங்குவதுதான் அந்தக் குடும்பத்தின் அடையாளம், உலோகம் அல்ல.

இங்கிலாந்தில் பிராஸ் பேண்டு என்ற பெயரோடு ஊர்தோறும் இருக்கும் குழுக்களில் நாணல் தகட்டுக் கருவிக்கு இடமே இல்லை. சுரங்கத்திலும் மில்லிலும் வேலை பார்த்தவர்கள் ஓய்வு நேரத்தில் கூடி வாசிக்க ஏற்படுத்திக்கொண்டவை அவற்றில் பல. மேளம் நீங்கலாக இருபத்தைந்து பேர் வரை உதட்டால் ஊதுவார்கள். 1818இல் ஜெர்மனியில் இருவர் வால்வுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் அது சாத்தியமாயிற்று. மூன்று விரலால் மூன்று வால்வை அமுக்கினால் குழாயின் நீளம் மாறி எல்லா ஸ்வரமும் கிடைத்துவிடும். தொழிலாளி கை கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. நம் சேலத்து செட்டிலோ க்ளாரினெட் இல்லாமல் சினிமாப் பாட்டு நகராது. ஆக, நம்மிடம் இருப்பது கலப்புக் குழு. அதற்குப் பித்தளை என்று பெயர் வைப்பது, சாம்பாருக்குப் பெருங்காயம் என்று பெயர் வைப்பது மாதிரி.

தமிழ்நாட்டுக்கு இந்த வாத்தியம் பட்டாளத்தோடு வந்தது. சென்னைக் கோட்டையில் கம்பெனி பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு முத்துஸ்வாமி தீட்சிதர் ஏறத்தாழ 40 உருப்படிகளுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்தார். பிரிட்டிஷ் அரச வணக்கப் பாட்டின் மெட்டும் அதில் ஒன்று. அவற்றுக்கு 'நோட்டு ஸ்வரம்' என்று பெயர். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி அரண்மனையிலேயே மேனாட்டு பேண்டு வைத்திருந்தார். நாயனக்காரர் கடைசியில் வாசிக்கும் 'இங்கிலீஷ் நோட்டு' இந்த வழியில் வந்ததுதான். 'நோட்டு' என்ற சொல்லின் சாமர்த்தியத்தையும் பாருங்கள். மெட்டும் நோட்டு, அதை எழுதி வைக்கும் புத்தகமும் நோட்டு, வாசித்த பிறகு கைக்கு வருவதும் நோட்டு. நம்ம மாஸ்டரிடம் அட்டை கிழிந்த நோட்டு ஒன்று இருக்கிறது. அதில் மேனாட்டு இசைக்குறிப்பின் ஐந்து கோடும் முட்டையும் இல்லை. ச, ரி, க, ம என்று தமிழில் எழுதி, மேல் ஸ்தாயிக்கு மேலே ஒரு புள்ளி வைத்திருக்கிறார். பையன்கள் அதையும் பார்ப்பதில்லை. போனில் பாட்டைப் போட்டு நாலு தரம் கேட்டால் ஐந்தாவது தரம் ஊதிவிடுகிறார்கள்.

'செட்டு' என்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். சைக்கிள் செட்டு, சவுண்டு செட்டு, ஆட்டத்துக்கு ஆள் பிடிக்கும் செட்டு என்று தமிழன் அதைக் கூட்டப்பெயர் விகுதியாகவே ஆக்கிவிட்டான். அதற்கு முன்னால் இருந்த விகுதி 'மேளம்'. இன்றைக்கு மேளம் என்றால் அடிக்கிற கருவி என்று நினைக்கிறோம். சொல்லின் பழைய பொருள் கூட்டம், சேர்க்கை. நாயனமும் தவிலும் சேர்ந்த கூட்டம் பெரிய மேளம், சதிராட்டக் கூட்டம் சின்ன மேளம், தெருவில் ஆடிப்பாடி வருவது நையாண்டி மேளம். கிராமத்துக் கிழவிகள் 'பேண்டு மேளம்' என்கிறார்களே, அது கொச்சை என்று நானே ஒரு காலத்தில் திருத்தியிருக்கிறேன். அறியாமை என்னுடையது. அவர்கள் புதுக் கூட்டத்தைப் பழைய வரிசையில் முறையாக உட்கார வைத்திருக்கிறார்கள்.

மாஸ்டரிடம் 'பேண்டு மேளம்'னே எழுதிடலாமே என்று கேட்டேன். தலையை ஆட்டினார். "மேளம்னு போட்டா தவில் கேட்டு வருவாங்க சார்."

சரி, பழந்தமிழுக்குப் போனேன். வாத்தியத்துக்குத் தமிழ் 'இயம்'. 'இயம்புதல்' என்பதில் இருக்கிற அதே இயம். ஊதுகிற இயம் என்பதை வினைத்தொகையாக்கினால் ஊது + இயம் = ஊதியம். புணர்ச்சி விதி ஒரு குறையும் சொல்லாது. ஆனால் அந்தச் சொல்லை இலாபமும் சம்பளமும் முன்பே பிடித்துக்கொண்டன. 'ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு' என்ற குறளை மாஸ்டரிடம் சொன்னபோது, இசையும் ஊதியமும் ஒரே இடத்தில் வருவதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அது வள்ளுவருக்கு வந்திருக்கும். எங்களுக்கு அட்வான்சே முழுசா வர மாட்டேங்குது."

உதட்டால் ஊதும் கருவிகளுக்குத் தனிப்பெயர் வேண்டுமென்றால் மேலே சொன்ன மலைபடுகடாம் வரிசையிலேயே இருக்கிறது: களிற்றுயிர்த் தூம்பு. யானை மூச்சு விடுவது போல் முழங்கும் நீண்ட குழல். ட்ரோம்போன் வாசிப்பதைப் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. 'தூம்பிசை' என்றே வைத்துவிடலாம் என்று துள்ளினேன். வீட்டில்தான் தடுத்தார்கள், நம்ம ஊரில் தூம்பு என்றால் ஏரித் தண்ணீர் போகிற வழி, கல்யாண வீட்டுக்காரன் எதைக் கண்டு கூப்பிடுவான் என்று. நியாயம்தான். கொம்பு, எக்காளம், தாரை, திருச்சின்னம் எல்லாம் உதட்டால் ஊதுகிறவையே. ஆனால் அவை தனித்தனிக் கருவியின் பெயர்கள், குழுவுக்கு ஆகா. 'இசைக்குழு' என்பது சரியான தமிழ். ஆனால் மெல்லிசைக் கச்சேரியும் அதுதான், பஜனைக் கூட்டமும் அதுதான். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தார் பாண்டு அணிக்கு மாற்றாக மரபு வாத்தியங்களைக் கொண்டு ஓர் அணி அமைத்து 'இன்னியம்' என்று பெயரிட்டார்கள். அழகான பெயர். ஆனால் அது மாற்று. ட்ரம்பெட்டை வைத்துக்கொண்டு நாம் அதை எடுத்தால் அவர்கள் நோக்கமே கெட்டுவிடும்.

மிஞ்சியது 'பல்லியம்'. பல இயங்கள் சேர்ந்தது. புறநானூற்றின் 281ஆம் பாட்டில் புண்பட்ட வீரன் வீட்டில் 'யாழொடு பல்லியம் கறங்க' என்று வருகிறது. தோல், துளை, கஞ்சம் என்று எந்த வகைக் கருவி வந்தாலும் இந்தச் சொல் கதவைச் சாத்தாது. க்ளாரினெட் உள்ளே வரலாம், பேஸ் டிரம்மும் வரலாம். இன்னொரு காரணமும் உண்டு. நெடும்பல்லியத்தனார் என்று ஒரு சங்கப் புலவர். பெயரிலேயே பல்லியம். அவர் பாடிய புறம் 64 இப்படித் தொடங்குகிறது: 'நல்யாழ் ஆகுளி பதலையொடு சுருக்கிச் செல்லாமோ தில் சில்வளை விறலி'. யாழையும் மேளங்களையும் கட்டிக்கொண்டு கிளம்புவோமா என்று ஒருவன் கேட்கிறான். எதற்கு? குடுமி என்ற அரசனைக் கண்டு, தண்ணீர் நிறைய ஊற்றிய கூழைக் குடிக்கும் நிலையை விட்டு வரலாமே என்று.

இந்தப் பாட்டைப் படித்த அன்றுதான் மாஸ்டரின் அறைக்குப் போனேன். ஏற்காட்டில் ஒரு கல்யாணத்துக்காகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பேஸ் டிரம்மைப் பழைய போர்வையில் சுற்றி, ஜால்ராவைச் சட்டைகளுக்கு நடுவில் செருகி, ட்ரம்பெட்டின் வாய்த்துண்டைக் கழற்றித் தனியே சட்டைப்பையில் போட்டு. பகலில் ஒருவர் வெள்ளிப்பட்டறை, ஒருவர் தறி, ஒருவர் ஆட்டோ. சுருக்கி, சுருக்கி என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் பாதிப் பேருக்குக் குமட்டும் என்றார் மாஸ்டர். மேலே போனால் வேறு தொல்லை. ஒரு பாகை குளிர்ந்தால் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் குறையும். அதனால் சேலத்து வெயிலில் சேர்த்து வைத்த சுருதி ஏற்காட்டுப் பனியில் இறங்கிவிடும். குழாயை உள்ளே தள்ளிச் சுருக்க வேண்டும், இடையிடையே வெறும் காற்றை ஊதிச் சூடு ஏற்ற வேண்டும். கீபோர்டு மட்டும் நகராது. "அது மெஷினுங்க, அதுக்குக் குளுரு தெரியாது."

அவர்கள் கருவிகள் பல மீரட்டில் செய்தவை. பளபளப்புக்குப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது, மேல்பூச்சு போய்விடும் என்று ஒரு பையனுக்குத் திட்டு விழுந்தது. ஆடித் திருவிழாவில் வேடம் போட்டவர்கள் அலங்கார வண்டியில் வரும் வண்டி வேடிக்கைக்கு முன்பெல்லாம் நாலு இடத்தில் கூப்பிடுவார்களாம். இப்போது செண்டை வந்துவிட்டது, டிஜே வந்துவிட்டது. அதற்கு மேல் அவர் பேசவில்லை.

'பல்லியம்' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மேலே 'பேண்டு வாத்தியம்' பெரிதாக இருக்கட்டும், தேடி வருகிறவர்களுக்கு அதுதான் தெரியும். கீழே இது சிறியதாக இருக்கட்டும் என்று பேசி முடித்தோம். ஆடி இரண்டாம் வெள்ளி அந்தப் பக்கம் போனபோது பலகை மாட்டியிருந்தது. பெயிண்டர் இடம் போதாமல் சொல்லை இரண்டு வரியாக உடைத்திருந்தார்: முதல் வரியில் 'பல்லி', இரண்டாவதில் 'யம்'. மாஸ்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"சார், இது என்ன மருந்தான்னு ரெண்டு பேரு கேட்டுட்டுப் போறாங்க."